கதவு திறக்கும் முன்

நடு நிலையத்துத் தண்ணீர்க்குட்டை உறைந்திருக்கவில்லை. சின்னப் பெட்டியிலிருந்து இறங்கி பெரிய கேபிள் காருக்கு மாறும் இடத்தில், சுவரோரமாக, போன குளிர்காலத்தின் அழுக்குப் பனி ஒரு குவியலாகக் கிடந்தது. அதன் காலடியில் குட்டை. சப்பாத்து நுனியால் தொட்டுப் பார்த்தேன், ஒரு மெல்லிய ஏடாவது நொறுங்கும் என்று. தண்ணீர் விலகியது, மறுபடி சேர்ந்துகொண்டது. கூரைத் தகரத்திலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த உயரத்தில், இரவு வானம் தெளிந்திருந்தால், ஜூன் மாதத்திலும் விடியும்போது குட்டையின் மேல் கண்ணாடி படிந்திருக்கும். படியவில்லை என்றால் இரவு முழுக்க முகில் மூடிக் கிடந்திருக்கிறது. முகில் மூடினால் மேலே பனி கெட்டிப்படாது, அடிவரை ஈரமாக இருக்கும். ஈரமாக இருந்தால். இந்த இடத்தில் என் யோசனை நின்றுவிட்டது, தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல். நிமிர்ந்தபோது அக்கா வரிசையில் முன்னால் போய்விட்டிருந்தாள். “ஆரணி, கெதியா வா! பெட்டி நிரம்பப் போகுது” என்று கையைக் காட்டினாள். ஓடினேன். ஸ்கீச் சப்பாத்தோடு ஓடினால் வாத்து ஓடுவதுபோல இருக்கும் என்று அவள்தான் சொல்வாள். ஓடும்போது நான் குட்டையை நினைக்கவில்லை, பின்னால் யாராவது சிரிக்கிறார்களா என்றுதான் நினைத்தேன். சொல்ல வேண்டிய நேரம் அப்படித்தான் போனது.

இப்போது கதவு மூடிவிட்டது. ஒரு குலுக்கலோடு கேபிள் கார் நிலையத்தை விட்டுக் கழன்று காற்றில் தொங்குகிறது, எல்லோரும் சேர்ந்து “ஓ” என்கிறார்கள். அக்கா முன்பக்கக் கண்ணாடியோடு ஒட்டி நிற்கிறாள். நான் பின்பக்க மூலையில், இரண்டு ஸ்கீகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவை யாருடைய கண்ணையும் குத்திவிடக் கூடாதே என்ற கவலையோடு. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு முழு உல்லாசப் பயணக் கூட்டம். குளிர்காலத்து லிஃப்டுகள் சித்திரையோடு நின்றுவிடும். பிறகு கோடைக்கென்று இந்தக் கேபிள் காரை மறுபடி ஓட்டுவார்கள், ஆட்கள் மேலே போய்ப் பனியைத் தொட்டு, படம் எடுத்து, சூப் குடித்துவிட்டு இறங்குவதற்காக. அதே பெட்டியில் எங்களைப் போல ஒரு சிலர் ஸ்கீயோடு ஏறுவார்கள். மேல் நிலையத்திலிருந்து ஸ்கீ பின்னால் வழுக்காதிருக்க அதன் அடியில் தோல்பட்டையை ஒட்டிக்கொண்டு முகட்டின் வழியே நடந்தால், மலையின் வடக்குப் பக்கத்தில் வெயில் படாத ஒரு பெரிய கிண்ணம் இருக்கிறது, அங்கே மட்டும் பனி இன்னும் மிச்சம். அதில் இறங்கி, பனி முடிந்து புல் தொடங்கும் ஏரிக்கரையில் ஸ்கீயைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடு நிலையத்துக்கு நடந்து வரவேண்டும். இரவில் உறைந்த பனியின் மேல்தோல் காலை வெயிலில் சீனிபோல இளகும் ஒரு சிறு நேரம் உண்டு, அப்போது இறங்கினால் வெண்ணெயில் கத்தி போவதுபோல இருக்கும். அதற்கு முன் போனால் இரும்பு. பிந்திப் போனால் கஞ்சி. ஆனால் கோடைக் கேபிள் கார் பனிக்காக ஓடுவதில்லை, ஹோட்டலில் காலைச் சாப்பாடு முடித்து வருகிறவர்களுக்காக ஓடுகிறது. அதனால் நல்ல நாளிலேயே நாங்கள் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேருவோம். இன்றைக்கு உறையவே இல்லை. ஈரமாக இருந்தால்.

சொல்லிவிடலாம். அக்கா என்று கூப்பிட்டு, குட்டை உறையேல்லை என்று சொன்னால் போதும், அவளுக்கு மிச்சம் விளங்கும். ஆனால் எந்த மொழியில் சொல்வது. இப்படி ஒரு கேள்வி எனக்கு இதுவரை வந்ததே இல்லை. வெளியில் நாங்கள் ஏதாவது மறைவாகப் பேச வேண்டுமென்றால் தமிழில் பேசுவோம். பஸ்ஸில், கடையில், அக்காவின் வேலையிடத்து விருந்துகளில், எங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவதுபோல. இன்றைக்கு அந்த அறை முழுக்க ஆட்கள். எனக்கும் அக்காவுக்கும் நடுவே நிற்கும் கூட்டம் நீலத் தொப்பி போட்ட இந்தியத் தமிழ்க் கூட்டம். எனக்கு நேர் முன்னால் ஒரு அம்மா, சேலைக்கு மேல் ஊதி வைத்ததுபோன்ற குளிர் ஜாக்கெட், காலில் வெள்ளைச் சப்பாத்து. பக்கத்தில் அவருடைய கணவர், காதை மூடி மஃப்ளர். படங்களில் மட்டும் கேட்ட அந்த “ஏனுங்க” என் தோளில் இடிக்கிற தூரத்தில். சுவிஸ் ஜெர்மனில் சொல்லலாம் என்றால், எனக்கு இடது பக்கம் இரண்டு ஆண்கள் ஸ்கீயோடு நிற்கிறார்கள், இந்தப் பள்ளத்தாக்கின் ஆட்கள், வெயிலில் சுட்ட முகம், கயிறும் பனிக்கோடரியும் தொங்கும் முதுகுப்பை. அவர்களும் அந்தக் கிண்ணத்துக்குத்தான் போகிறார்கள். அவர்கள் காதுபட, இன்றைக்குச் சரியில்லை என்று நான். லூட்சேர்னில் மருந்துக்கடையில் வேலை செய்யும் நான். போனில் எழுதி அனுப்பலாம், ஆனால் கார் நிறுத்துமிடத்திலேயே அம்மாவோடு பேசி முடித்து அக்கா போனை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிட்டாள். போன் அருகில் இருந்தால் நெஞ்சில் கட்டியிருக்கும் கருவி குழம்பும்.

அந்தக் கருவி ஒரு சவர்க்காரக் கட்டி அளவு. பனிச்சரிவில் புதைந்தால் வெளியில் இருப்பவர் கண்டுபிடிப்பதற்காக ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். புறப்படும் முன் எப்போதும்போல அக்கா தள்ளிப்போய் நின்று தன் கருவியைத் தேடும் நிலையில் வைத்தாள், நான் அவளை நோக்கி நடந்தேன், கிட்டப் போகப் போக அது வேகமாகக் கத்தியது. “ஓம். நீ இருக்கிறாய்” என்றாள். ஒவ்வொரு முறையும் இதையே சொல்வாள். என் ஜாக்கெட்டுக்குள் சின்னச் சிவப்பு விளக்கு இப்போதும் மின்னிக்கொண்டிருக்கும். இங்கே, இங்கே, இங்கே. வெட்கமில்லாத பெட்டி. யார் கேட்கிறார்கள், யார் கேட்கவில்லை என்று அது பார்ப்பதில்லை.

“ஏனுங்க, அந்தப் புள்ளைக ரெண்டும் என்னத்துக்குங்க கோடையில இந்தக் கட்டையத் தூக்கிட்டு வருதுக?” என்றார் சேலை அம்மா. “மேல பனி கெடக்குதல்ல, வழுக்கி வெளையாடத்தான்” என்றார் கணவர். “உழுந்து கிழுந்து வெச்சா?” “உழுந்தா எந்திரிக்கிறாங்க. உனக்கென்ன?” “நம்மூருப் புள்ளைக மாதிரி இருக்குதுக பாருங்க.” “மெக்சிகோவா இருக்கும் பூங்கொடி.” “மெக்சிகோக்காரி மூக்குத்தி போடுவாளாக்கும்? அங்க கண்ணாடிகிட்ட நிக்கறவளப் பாருங்க. இந்தக் குட்டையாளுக்குத்தான் மூஞ்சில அருளே இல்ல, பேதி கண்டாப்பல நிக்குது.” குட்டையாள் நான். சிரிப்பு வந்தது, வாயை ஸ்கீயின் விளிம்பில் வைத்து அழுத்திக்கொண்டேன், உலோகம் குளிர்ந்து உதட்டில் ஒட்டியது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். முதுகு குலுங்கியது, திரும்பவில்லை. இனி நான் தமிழில் வாயைத் திறந்தால் இந்த அம்மா வெட்கப்படுவார். ஒருவரை வெட்கப்பட வைப்பதைவிட நான் எதுவும் செய்வேன். இதையும் நினைத்துப் பார்த்தேன், கொஞ்சம் தள்ளி நின்று, வேறு யாரையோ பற்றிப் படிப்பதுபோல: முன்பின் தெரியாத ஒரு பெண் வெட்கப்படாமல் இருப்பதற்காக இவள் ஒரு ஈரச் சரிவில் இறங்கப் போகிறாள்.

எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. பனிச்சரிவு வகுப்பில் நானும் அக்காவும் சேர்ந்து படித்தது. கூட்டத்தில் யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்பவேண்டும். காரணம் கேட்கக் கூடாது. அதோடு அக்கா தானாக ஒன்றைச் சேர்த்தாள்: மேல் நிலையக் கதவு திறக்கும் முன் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளியே போய்ச் சரிவைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு முடிவெடுப்பது நாங்கள் இல்லை. அது சரிதான். கதவு திறந்து அக்கா முன்னால் நடந்தால் நான் பின்னால் நடப்பேன், என் கால்களை எனக்குத் தெரியும். நீச்சல் குளத்தில் உயரப் பலகையிலிருந்து அவள் குதித்துவிட்டு “வா” என்றபோதும் குதித்தேன், விருப்பம் இருந்து அல்ல, பலகையில் தனியாக நிற்பதை எல்லோரும் பார்ப்பார்கள் என்று. மூக்கில் ஏறிய தண்ணீரின் எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. இந்த விதியை நான் ஒருமுறையும் பாவித்ததில்லை. பாவித்தவர் ஒருவரைத் தெரியும், அக்காவின் வேலையிடத்து றேட்டோ. போன வருடம் வேறொரு மலையில், நல்ல வெயிலில், எங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று, எனக்கு இன்று வேண்டாம் என்றார். திரும்பினோம். யாரும் காரணம் கேட்கவில்லை. ஆனால் காரில் அவர் முன் இருக்கையில் இருக்க, அக்கா பின்னால் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள், “பயந்தாங்கொள்ளி. உந்த ஆளைப் பூங்காவிலை பிள்ளையளோட பொம்மை ரெயிலிலை ஏத்திவிடவேணும். கையிலை பலூனும் குடுத்து.” றேட்டோ திரும்பி, என்ன பகிடி என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இரவுச் சமையலைப் பற்றி என்றாள் அக்கா. அவர் மறுபடி முன்னால் பார்த்தார். அவருடைய காதுகள் மெல்லச் சிவந்துகொண்டு வந்தன. சொல் விளங்காத காதுக்கும் ஏதோ விளங்கியிருக்கிறது.

கேபிளைத் தாங்கும் முதல் கோபுரத்தைத் தாண்டும்போது பெட்டி முன்னும் பின்னும் ஆடியது. “ஐயோ சாமி” என்று பூங்கொடி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், யாருடைய கை என்று பார்க்காமலே. சூடான, ஈரமான கை. எடுக்கவில்லை. கீழே பாறைகளுக்கு நடுவே ஒரு பழுப்புத் தடம் ஓடியது, மேலே ஒடுங்கி, கீழே விசிறிபோல விரிந்து, அதன் முடிவில் உருண்டை உருண்டையாகப் பனிக்கட்டிகள், யாரோ ஒரு லாரி உருளைக்கிழங்கைக் கொட்டிவிட்டுப் போனதுபோல. ஈரப் பனிச்சரிவு. நேற்றா, போன வாரமா, இங்கிருந்து தெரியாது. மண் ஒட்டியிருந்தால் பழையது. மண் அடியிலிருந்தே வழித்துக்கொண்டு வந்திருந்தால் புதியதும் அப்படித்தான் இருக்கும். இது தென்கிழக்குப் பக்கம், எங்கள் கிண்ணம் வடக்கு, வடக்கில் இன்னும் குளிராக இருக்கும், குட்டை சுவரோரத்தில் இருந்தது, சுவருக்குப் பின்னால் இயந்திர அறை, அந்தச் சூட்டில் உறையாமல் இருந்திருக்கலாம். இருக்கலாம். இதைக் கண்டுபிடித்ததும் ஒரு நிம்மதி. நிம்மதியைத் தொட்டுப் பார்த்தேன், குட்டையைத் தொட்டதுபோல. அதற்கும் ஏடு இல்லை. சொட்டிய கூரைத் தகரத்துக்குப் பின்னால் எந்த இயந்திரமும் இல்லை.

அடுத்த மாதம் அக்கா டொரொன்டோ போகிறாள், கல்யாணம் கட்டி அங்கேயே இருந்துவிட. அங்கே மலை இல்லை. அவளுக்கு வரப்போகிற துஷ்யந்தன் அண்ணாவுக்கு முழங்காலில் ஏதோ பிரச்சினை, பனியைக் கண்டால் வழிப்பதற்கு ஆள் தேடுவாராம். “கடைசி இறக்கம், ஆரணி. நீயும் நானும் மட்டும்” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், காலநிலையைப் பார்த்துப் பார்த்து இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தாள். இதை நான் கெடுத்தால் அது கெட்டதாகவே இருக்கும், அடுத்த ஞாயிறு என்று ஒன்று இல்லை. கெடுக்காவிட்டால். முள் மறுபடி. அந்த வகுப்பில் ஒரு பயிற்சி நடந்தது: பனியில் குழி வெட்டி ஒருவரைக் கொஞ்ச நேரம் படுக்கவைத்து மூடிவிட்டு மற்றவர்கள் தேடுவார்கள். யார் படுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை, நான் பேசாததை மட்டும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். உள்ளே நீல வெளிச்சம். என் மூச்சே என் முகத்தில் திரும்பி வந்து ஈரமாகியது. மேலே நடப்பவர்களின் காலடி, பேச்சு, அக்கா எதற்கோ சிரித்தது, எல்லாம் தலைக்குள்ளேயே நடப்பதுபோலத் தெளிவாகக் கேட்டது. நான் இங்கே என்று சொல்லிப் பார்த்தேன், பிறகு கத்தியும் பார்த்தேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. பனி அப்படித்தான், உள்ளே விடும், வெளியே விடாது என்று பிறகு சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நேரத்தில் எனக்குப் பயம் வரவில்லை என்பதுதான் விசித்திரம். பழகிய இடத்தில் படுத்திருப்பதுபோல இருந்தது.

வேகம் குறைகிறது. மேல் நிலையத்தின் கொங்கிரீட் வாய் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டு வருகிறது, அதன் விளிம்பில் தொங்கும் பனிக்கூர்கள் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு. எல்லாம் சொட்டுகின்றன. பெட்டியை ஓட்டுகிறவர் ஒலிபெருக்கியில் வழுக்கும், கவனம் என்று ஜெர்மனில் சொல்கிறார், பிறகு ஆங்கிலத்தில். எல்லோரும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் திரும்புகிறார்கள், ஆட்கள் திரும்பும்போது ஜாக்கெட்டுகள் உரசும் சத்தம். அக்காவின் தலை தெரிகிறது, மூக்குத்தி ஒருமுறை மின்னுகிறது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள், எனக்கு அவளைத் தெரியும். பூங்கொடி அம்மா இன்னும் என் கையை விடவில்லை. இந்தக் கை என் கையென்று இவருக்குத் தெரியாது, நான் யாரென்றும் தெரியாது, நான் பேதி கண்டவள். என் நெஞ்சில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. இங்கே. தண்ணீர் விலகியது, மறுபடி சேர்ந்துகொண்டது. ஈரமாக இருந்தால், ஈரமாக இருந்தால்

“அக்கா, எனக்கு வேண்டாம்.”

என் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெட்டிக்குள் நீலத் தொப்பிகள் எல்லாம் திரும்பின. பூங்கொடி அம்மா என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு கையை உதறிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். “அடக் கடவுளே, தமிழு! நான் பேசினதெல்லாம் கேட்டுட்டேவா வந்துது?” கணவர் மஃப்ளருக்குள் தலையை இழுத்துக்கொண்டார். “மெக்சிகோன்னு சொன்னீங்கல்ல!” என்று அவர் தோளில் ஒரு இடி விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தலைகளுக்கு மேலால் என்னைப் பார்த்து, “என்ன வேண்டாம்?” என்றாள். “இறங்கிறது. இண்டைக்கு வேண்டாம்.” “ஏன்?” என்றாள் அக்கா.

கேட்டுவிட்டாள். அவள் கேட்டது அவளுக்கே தெரிந்தது, கண் ஒரு கணம் விலகியது, ஆனால் கேள்வி அங்கேயே நின்றது. குட்டை, கூரை, முகில், பழுப்புத் தடம், எல்லாம் வரிசையாக இருந்தன, நான் ஸ்கீகளை நெஞ்சோடு இன்னும் இறுக்கிக்கொண்டேன். அந்த இரண்டு சுவிஸ்காரர்களும் விளங்காத மொழியில் ஏதோ நடக்கிறதென்று மரியாதையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அதான் வேண்டாங்குதல்ல கண்ணு, விட்டுரு” என்றார் பூங்கொடி அம்மா அக்காவிடம், குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு யாரோ வேண்டாம் என்றதுபோல, அதில் இதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல. கதவு திறந்தது.

மேல்தளத்தில் அக்கா தன் ஸ்கீகளைக் கம்பிவேலியில் சாய்த்து வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றாள். நான் இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகளில் தேத்தண்ணி வாங்கிவந்தேன், இரண்டும் ஆறின. பூங்கொடி அம்மா பிராயச்சித்தம்போல ஒரு பை முறுக்கோடு வந்து, “சாப்பிடுங்க கண்ணு, ஊட்ல சுட்டது” என்று அக்காவின் கையில் திணித்துவிட்டுப் பனியைத் தொடப் போனார். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் கோபமாகக் கடித்தாள், எனக்குத் தரவில்லை. வேலிக்கு அப்பால் கிண்ணம் முழுதாகத் தெரிந்தது. வெள்ளையில் ஒரு மடிப்பும் இல்லை. அழகாகத்தான் இருந்தது. வெகுநேரம் கழித்து எதிர்முகட்டில் இரண்டு புள்ளிகள் வந்து நின்றன, அந்த இரண்டு பேர். ஒருவர் இறங்கத் தொடங்கினார். நான் சரிவைப் பார்த்தேன், அவரைப் பார்க்கவில்லை. எங்கே வெடிப்பு விழும் என்று தேடினேன், பாறைக்குக் கீழே அந்தச் சாம்பல் நிழலிலா, முகட்டின் உதட்டிலா. என்னில் ஒரு பகுதி அது விழட்டும் என்று காத்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கண்டேன். அவர் இடதும் வலதுமாகச் சீராக எழுதிக்கொண்டே போனார். ஒன்றும் அசையவில்லை. இரண்டாமவரும் போனார், முதல் தடத்தைப் பின்னிக்கொண்டு. ஏரிக்கரையில் இருவரும் நின்று ஸ்கீயைக் கழற்றுவது எறும்புகள் ஏதோ சுமப்பதுபோலத் தெரிந்தது. மேல்தளத்தில் நீலத் தொப்பிகள் கைதட்டின.

“பாத்தியோ?” என்றாள் அக்கா.

“பாத்தன்.”

“இப்பவும் வேண்டாமோ?”

இதுவும் கேட்கக் கூடாத கேள்வி. ஆனால் இந்த முறை அவள் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்துக் கேட்டாள், கையில் முறுக்குப் பை, முகத்தில் கோபம் முடிந்துபோன பிறகு வரும் வெறுமை. கீழே இரண்டு தடங்கள் பின்னிக் கிடந்தன, யாரும் போகலாம் என்பதுபோல. எனக்கு இப்போது ஒரு சாட்சியும் இல்லை. குட்டை மட்டும்.

“இப்பவும் வேண்டாம்” என்றேன்.

அக்கா முறுக்குப் பையைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தாள். பொம்மை ரெயில் பகிடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தன் ஜாக்கெட்டைத் திறந்து கருவியை அணைத்தாள். பிறகு கிட்ட வந்து, என் ஜாக்கெட்டின் ஜிப்பை அவளே கீழே இழுத்தாள், அவள் விரலில் முறுக்கு எண்ணெய், பிசுபிசுப்பு. விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஓம்” என்றாள். “இண்டைக்கு இவ்வளவு காணும்.”

பொத்தானை அழுத்திப் பிடித்தாள், அது அணையும்வரை.